கேரவன் ஜன்னலுக்கு வெளிப்பக்க நிழல்துணி: வீட்டிலேயே தைத்தவர்கள் யாராவது உண்டா?

கூடுவண்டி (மெல்பர்ன்), நவம்பர் 9

போன பொங்கலை மில்டூராவில், மர்ரே ஆற்றங்கரையில் வைத்தோம். பால் பொங்கியதைவிட நாங்கள் பொங்கியதுதான் அதிகம். இங்கே ஜனவரி என்றால் நடுக்கோடை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் பகலொளி சேமிப்பு நேரம் வேறு, சூரியன் எட்டரை மணிக்கு மேல்தான் இறங்குகிறது. மாலை நான்கு மணி முதல் இருட்டும் வரை கேரவனுக்குள் உட்கார முடியவில்லை.

எங்களுடையது காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற, 12 அடி நீளப் பழைய வண்டி. மெரான்டி மரச்சட்டம், வெளியே அலுமினியத் தகடு. நான்கு ஜன்னல்கள். எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினாலும் ஏதாவது ஒரு ஜன்னல் மேற்கைப் பார்த்துவிடும். எல்லாமே இரட்டை அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) ஜன்னல்கள், மேலே கீல், கீழ்ப்பக்கத்தை வெளியே தள்ளித் திறக்க வேண்டும்.

போன முறை செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் வெள்ளித்தாள் ஒட்டிய குமிழி விரிப்பு வாங்கி, ஜன்னல் அளவுக்கு வெட்டி உள்பக்கமாகச் செருகினேன். கையால் தொட்டுப் பார்த்தால் அந்த விரிப்பே தோசைக்கல் மாதிரி இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஜன்னலில் தூசி இருக்கிறதே என்று வீட்டுக் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தைப் பீய்ச்சித் துடைத்தேன். இப்போது படுக்கைப் பக்க ஜன்னல் முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள். வெயில் பட்டால் மின்னுகிறது. மகள் அதை "நட்சத்திர ஜன்னல்" என்கிறாள், அவளுக்குப் பெருமை.

இந்த முறை வெளிப்பக்கம் மாட்டுகிற மாதிரி நாமே தைக்கலாம் என்று எண்ணம். வீட்டில் சாதாரண சிங்கர் மெஷின் இருக்கிறது. தலையணை உறை வரை தைப்பேன். கேள்விகள் மூன்று. என்ன துணி? என்ன நூல்? தகட்டில் ஓட்டை போடாமல் மாட்ட வழி உண்டா?

டெக்சாஸ் வெயில் (ஆஸ்டின் அருகில்), நவம்பர் 9

வெள்ளித்தாள் ஏன் தோசைக்கல் ஆனது என்பதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், தையல் எனக்குத் தெரியாது.

வெயில் கண்ணாடியையும் அக்ரிலிக்கையும் எளிதாகத் தாண்டி உள்ளே வந்துவிடும். வந்தது திரையில் பட்டு வெப்பமாகிறது. அந்த வெப்பக்கதிர் திரும்பி வெளியே போக முயன்றால் அதே அக்ரிலிக் விடாது. நுழைவது சுலபம், வெளியேறுவது கஷ்டம், அபிமன்யு கதைதான். வெள்ளித்தாள் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும், மறுக்கவில்லை. ஆனால் தாளுக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவில் சிக்கிய சூடு ஜன்னலையே வாட்டும். அக்ரிலிக் ஜன்னல் வளைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளியே நிழல் கொடுத்தால் வெயில் ஜன்னலைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. துணி சூடானாலும் காற்று கொண்டுபோய்விடும். வீடுகளுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு: ஜன்னலுக்கு மேல் வெளிக்கூரைத் துணி போட்டால் கோடையில் தெற்கு ஜன்னல் வழியாக வரும் வெயில் வெப்பம் 65 சதவீதம் வரையும், மேற்கு ஜன்னலில் 77 சதவீதம் வரையும் குறையும்.

கூடுவண்டி, நவம்பர் 10

நன்றி. ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் அந்தத் "தெற்கு" என்பதை வடக்கு என்று படிக்கவும். இங்கே நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கும். வந்து பதினோரு வருடம் ஆகியும் எனக்கு இது இன்னும் குழப்புகிறது.

ஊசிநூல் (திருப்பூர்), நவம்பர் 10

எல்லோரும் துணியைப் பற்றியே கேட்பீர்கள். முதலில் நூலைக் கேளுங்கள் தம்பி. 22 வருடமாகத் தைக்கிறேன், ஏற்றுமதிக்குத் தோட்ட நாற்காலி மெத்தை உறையும் தைத்திருக்கிறேன். வெயிலில் கிடக்கும் உருப்படி திரும்பி வந்தால் துணி நன்றாகவே இருக்கும், தையல் பிரிந்திருக்கும். துணி இருக்கிறது, நூல் பொடியாகிவிட்டது.

பருத்தி நூல் வேண்டவே வேண்டாம், மழையில் மக்கும். நைலான் பிடித்து இழுத்தால் பலமாக இருக்கும், ஆனால் வெயிலுக்கு ஆகாது. பாண்டட் பாலியஸ்டர் என்று கேட்டு வாங்குங்கள், புற ஊதாக் கதிருக்குத் தாங்கும் வகை. கனம் டெக்ஸ் 70. வீட்டு மெஷின் அதற்கு மேல் போனால் திணறும். ஊசி 16 நம்பர், அதாவது 100. டெக்ஸ் 90 நூல் என்றால் 18 நம்பர் ஊசி வேண்டும், அதை உங்கள் மெஷினில் முயன்று பார்க்க வேண்டாம், பாபின் பக்கம் குருவிக்கூடு கட்டிவிடும்.

பிடிஎஃப்ஈ நூல் என்று ஒன்று இருக்கிறது, டெஃப்லான் வகை. வெயில் அதை ஒன்றும் செய்யாது. விலையும் அப்படித்தான், வழுக்கலும் அப்படித்தான். முதல் முறை தைப்பவருக்கு வேண்டாம்.

லாரிக்காரர் (நாமக்கல்), நவம்பர் 11

இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? லாரி தார்பாய் இரண்டு மீட்டர் வாங்கி, நான்கு மூலையில் உலோக வளையக் கண்ணி அடித்து, கயிற்றைப் போட்டுக் கட்டினால் முடிந்தது. எங்கள் ஊரில் லாரிக்குப் போடுகிறோம், மழை வெயில் எல்லாம் தாங்குகிறது.

டெக்சாஸ் வெயில், நவம்பர் 11

அண்ணே, கனமான லாரித் தார்பாய் தாங்கும், சரி. ஆனால் இங்கே கடையில் கிடைக்கும் நீலநிற பாலித்தீன் தார்பாய் ஒரு கோடையைத் தாண்டுவதே பெரிது. நூல் நூலாகப் பிரிந்து, பொடி காற்றில் பறக்கும். இன்னொன்று, தார்பாய் போட்டால் காற்று வராது, வெளியே என்ன நடக்கிறது என்றும் தெரியாது. ஜன்னல் எதற்கு அப்புறம்?

கேட்டவருக்கு: துணியில் இரண்டு குடும்பம். ஒன்று, நிறம் ஏற்றிய இழையிலேயே நெய்த அக்ரிலிக் துணி, சன்பிரெல்லா போல; ஜன்னல் அக்ரிலிக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். படகுக்கும் கடை முகப்புக்கும் போடுவது. மழைத்தண்ணீர் உருண்டு ஓடும், நிறம் வெளுக்காது. இன்னொன்று, பிவிசி பூசிய பாலியஸ்டர் வலை. அலபாமாவின் டஸ்கலூசாவில் இருக்கும் ஃபைஃபர் நிறுவனத்தின் சன்டெக்ஸ் 80, 90 என்பவை அந்த வகை. அந்த எண்தான் எத்தனை சதவீத வெயிலைத் தடுக்கும் என்பது. ஆஸ்திரேலியாவிலும் கேரவன் பக்கத்திரைக்கு இந்த மாதிரி வலைதான் போடுகிறார்கள்.

மழைக்கு அக்ரிலிக், வெயிலுக்கு வலை.

பனிக்காடு (டொரோண்டோ), நவம்பர் 12

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடா. என்னிடம் இருப்பது போலர், 13 அடி, முட்டை வடிவக் கண்ணாடியிழை வண்டி. 1968 இல் வினிபெக்கில் தொடங்கிய வகை. மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு ஓடு வார்த்து நடுவில் ஒட்டியிருப்பார்கள். முட்டை என்றே இங்கே கூப்பிடுகிறார்கள்.

எனக்கு வெயிலை விட மழைதான் பிரச்சினை. ஒன்டாரியோவில் ஆடி மாதத்து இரவு மழை வந்தால் ஜன்னலைப் பூட்ட வேண்டும், பூட்டினால் உள்ளே வேர்த்துக் கொட்டும். அதனால் அக்ரிலிக் துணியில் சின்னச் சின்னக் கூரை தைத்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே போட்டேன். கூடாரத்துக் கம்பி இரண்டை வளைத்து முன்னுக்குத் தள்ளிவிட்டால் 45 பாகையில் நிற்கும். மழை பெய்யப் பெய்ய ஜன்னல் திறந்தபடி நித்திரை கொள்ளலாம்.

மாட்டுவதற்கு டிச் பட்டன், துருப்பிடிக்காத எஃகில் திருகாணியோடு வருவது. கண்ணாடியிழையில் துளை போடும்போது முதலில் துரப்பணத்தைப் பின்பக்கமாகச் சுற்றவிட்டு மேற்பூச்சைச் சுரண்டுங்கள், பிறகுதான் முன்பக்கம். இல்லாவிட்டால் பூச்சு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். முதல் துளையிலேயே எனக்குத் தெறித்தது. இன்றைக்கும் அந்த இடத்தில் ஒரு ஐந்து சதக் காசளவு வெள்ளைப் புள்ளி இருக்கிறது.

கூடுவண்டி, நவம்பர் 16

ஓட்டை போட மனம் வரவில்லை. அதனால் வலைத்துணி வாங்கி, ஓரம் மடித்து, எட்டு உறிஞ்சு கிண்ணம் வைத்து ஜன்னலிலேயே ஒட்டிப் பார்த்தேன். வீட்டு வாசலில், 31 டிகிரி வெயிலில் ஒரு மணி நேரம் நின்றது. அப்புறம் ஒவ்வொன்றாகப் "பட், பட்" என்று விழ ஆரம்பித்தது. கடைசி இரண்டு மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கின.

விழாமல் இருந்திருந்தாலும் பயன் குறைவுதான் என்று இப்போது புரிகிறது. வலை அக்ரிலிக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் காற்று இல்லை. அடுத்து, அப்படி ஒட்டினால் ஜன்னலைத் திறக்கவும் முடியாது.

காந்தம் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு காந்தம். வண்டி அலுமினியம். சிரித்து முடித்தவர்கள் யோசனை சொல்லலாம்.

லாரிக்காரர், நவம்பர் 16

காந்தத்தைப் பத்திரமாக வையுங்கள், குளிர்சாதனப் பெட்டிக்கு ஆகும்.

டெக்சாஸ் வெயில், நவம்பர் 17

உங்கள் வண்டியில் கதவுப் பக்கம், கூரை ஓரத்தில் நீளமான அலுமினியத் தண்டவாளம் இருக்குமே, பெரிய பந்தல் துணியைக் கோத்து இழுப்பதற்கு? அதே பள்ளம் சிறு துண்டாகவும் கிடைக்கும். ஜன்னலுக்கு மேலே ஒரு துண்டு பொருத்திவிட்டால், துணியின் மேல் ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்து, பக்கவாட்டில் நுழைத்து இழுத்துவிடலாம். காற்று எவ்வளவு அடித்தாலும் பிடுங்கிக்கொண்டு போகாது. பட்டன் என்றால் பாரமெல்லாம் நாலு புள்ளியில் விழும். தண்டவாளத்தில் முழு நீளத்துக்கும் பரவும்.

ஓட்டை போட வேண்டும்தான். ஆனால் பழைய வண்டியில் ஜன்னலைச் சுற்றி மரச்சட்டம் ஓடும். திருகாணி அதில் இறங்க வேண்டும், வெறும் தகட்டில் இறங்கினால் நிற்காது. தண்டவாளத்துக்குப் பின்னால் பியூட்டைல் பட்டை (தண்ணீர் புகாமல் அடைக்கும், ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்து, அது நாலு பக்கமும் பிதுங்கும் வரை முறுக்குங்கள். சிலிக்கான் வேண்டாம். நாளைக்குக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டும் என்றால் அதன் எச்சத்தின் மேல் எதுவும் ஒட்டாது, பெயின்டும் பிடிக்காது.

ஊசிநூல், நவம்பர் 17

கயிறு வைத்துத் தைப்பது என்கிறாரே, அது வேறொன்றும் இல்லை, ஜாக்கெட் கழுத்துக்கு வைக்கும் பைப்பிங்தான். கயிறு கொஞ்சம் பருமன். அவ்வளவே.

பள்ளத்தை அளந்து, அதைவிடக் கொஞ்சம் மெலிந்த கயிறு எடுங்கள். துணியைச் சுற்றிய பிறகு பருமன் கூடும் என்பதை மறந்துவிடாதீர்கள். நெய்த அக்ரிலிக் துணியில் 6 சென்டிமீட்டர் அகலப் பட்டி வெட்டுங்கள். கயிற்றை நடுவில் வைத்து மடித்து, மெஷினில் ஜிப் தைக்கும் ஃபூட் போட்டு, கயிற்றுக்கு ஒட்டி ஒரு தையல். இந்தத் தையல் இறுக்கமாக இல்லாவிட்டால் தண்டவாளத்துக்குள் கயிறு சுருண்டுகொள்ளும். பிறகு பட்டியின் இரண்டு வாலுக்கும் நடுவில் வலையின் மேல் ஓரத்தைச் செருகி, இரட்டைத் தையல்.

தையல் நீளம் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைப்பீர்கள். இந்தத் துணியில் நெருங்கிய ஓட்டை என்பது தபால்தலை ஓரம் மாதிரி, அந்த வரியிலேயே கிழியும்.

குண்டூசி குத்த வேண்டாம். குத்திய ஓட்டை மூடாது. துணி காயப்போடும் கிளிப் போதும், இல்லையென்றால் இருபக்கமும் ஒட்டும் மெல்லிய தையல் டேப்.

புதுசு, நவம்பர் 18

ஒரு சின்னச் சந்தேகம். ஓட்டையே போடாமல் தண்டவாளத்தை விஎச்பி டேப்பில் (இருபக்கமும் ஒட்டும் பலமான டேப்) ஒட்ட முடியாதா? தாங்கும் என்று சொல்கிறார்களே.

டெக்சாஸ் வெயில், நவம்பர் 18

இடத்தைப் பொறுத்தது. சுத்தமான, வழவழப்பான தகடு என்றால் நன்றாகப் பிடிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, நன்றாக அழுத்தி ஒட்டி, 72 மணி நேரம் பாரம் ஏற்றாமல் விட வேண்டும். முழுப் பிடிப்பு வர அவ்வளவு நேரம் ஆகும். குளிரில் ஒட்டவும் கூடாது.

ஆனால் பழைய வண்டியில் பெயின்டை நம்ப முடியாது. டேப் விடாது, பெயின்ட் விட்டுவிடும். மேல்நோக்கி உரித்து இழுக்கும் காற்றுக்கு டேப் பலவீனமும்கூட. டிச் பட்டன் போன்ற சின்ன விஷயத்துக்குச் சரி.

ரொம்ப முக்கியம்: அந்த ஆல்கஹால் கலவை அக்ரிலிக் ஜன்னல் மேல் தெறிக்கக் கூடாது. கூடுவண்டி அவர்களின் நட்சத்திர ஜன்னலைப் போல ஆகும். அக்ரிலிக்குக்கு மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் மட்டும்.

கூடுவண்டி, நவம்பர் 23

தண்டவாளம் வாங்கிவிட்டேன். வெட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், உங்களுக்கும் உதவலாம்.

என் ஜன்னலின் உயரம் 45 செ.மீ. மில்டூரா தெற்கே 34 டிகிரி அட்சரேகை. பொங்கல் சமயத்தில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட 77 டிகிரி உயரத்தில் நிற்கும். வடக்கு ஜன்னலுக்கு மேலே பத்தரை செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் போதும், ஜன்னல் முழுக்க நிழல். அரைச் சாண். மாலை ஆறரைக்குச் சூரியன் 26 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது மேற்கு ஜன்னலை முழுக்க மறைக்க, கூரை 92 செ.மீ. நீள வேண்டும். நாலு சாண்! ஏழரை மணிக்கு அதுவும் பத்தாது.

அதாவது மேற்குப் பக்கத்துக்குக் குட்டிக் கூரை எத்தனை அழகாகத் தைத்தாலும் வேலைக்கு ஆகாது. மேலிருந்து கீழே தொங்கும் திரைதான் வேண்டும். அதனால் நான்கு ஜன்னலுக்கும் ஒரே மாதிரித் தண்டவாளம், ஆனால் துணி இரண்டு வகை: வலையில் இரண்டு நீளத் திரை, அக்ரிலிக்கில் இரண்டு குட்டிக் கூரை. எங்கே எப்படி நிறுத்துகிறோமோ அதற்கேற்ப மாற்றி மாற்றிக் கோத்துக்கொள்ளலாம்.

இப்போது வீட்டில் சண்டை நிறத்துக்கு. நான் வெளிர்நிற வலை என்கிறேன், வெயிலைத் திருப்பி அனுப்பும். மனைவி கறுப்பு.

டெக்சாஸ் வெயில், நவம்பர் 23

வீட்டம்மா சொல்வதைக் கேளுங்கள். வெளிர் வலை வெயில் பட்டதும் தானே பளபளக்கும். உள்ளிருந்து பார்த்தால் பனிமூட்டம் மாதிரி இருக்கும், கண் கூசும். கறுப்பு வலை வழியாக ஆறு தெளிவாகத் தெரியும். கறுப்பு அதிகம் சூடாகும், உண்மை. ஆனால் வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி இருப்பதால் அந்தச் சூட்டைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

பனிக்காடு, நவம்பர் 24

வலை பற்றி ஒரு எச்சரிக்கை. பகலில் வெளியிலிருந்து உள்ளே ஒன்றும் தெரியாது. இரவில் உள்ளே லைட் போட்டால் நிலைமை தலைகீழ், முழு முகாமும் உங்களைப் பார்க்கும். உள்திரையைக் கழற்றி எறிந்துவிட வேண்டாம். எங்களுக்கு இதைப் பக்கத்துக் கூடாரத்துக் கிழவி வந்து சொன்னா.

கூடுவண்டி, டிசம்பர் 14

மூன்று வார இறுதிகள் ஆயிற்று. எழுத நிறைய இருக்கிறது.

அளவெடுக்கச் செய்தித்தாளை நம்பிக் கெட்டேன், காற்றில் கிழிந்தது. மேசைக்குப் போடும் தெளிவான பிளாஸ்டிக்கை ஜன்னல் மேல் மாஸ்கிங் டேப்பில் ஒட்டி, மார்க்கரால் வரைந்தேன். ஜன்னல் கைப்பிடி, கீல், பக்கத்தில் இருக்கும் விளக்கு எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். ஜன்னல் அகலம் 90 செ.மீ. இரண்டு பக்கமும் 15 செ.மீ. கூட்டி 120 ஆக வெட்டினேன். சாய்ந்த வெயில் பக்கவாட்டில் நுழையும், அதற்கு இந்தக் கூடுதல் வேண்டும்.

வலையில் முதல் தொல்லை, மெஷின் ஃபூட்டுக்கு அடியில் பிவிசி ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. மெஷின் உறுமுகிறது, துணி அங்கேயே நிற்கிறது, ஒரே இடத்தில் ஏழெட்டுத் தையல். ஊசிநூல் அக்காவுக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். "மெல்லிய தாளை மேலே வைத்துத் தை, அப்புறம் கிழித்துவிடு" என்றார். மகளின் டிரேசிங் பேப்பர் நோட்டு காலி. ஆனால் தையல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

இரண்டாவது, மூலை. மடிப்பு மேல் மடிப்பு விழுந்து ஆறு அடுக்கு வந்துவிட்டது. மோட்டாரை நம்பி மிதித்ததில் ஊசி ஒடிந்து, நுனி மூக்குக்கண்ணாடியில் தட்டியது. கண்ணாடி போட்டிருந்ததால் தப்பித்தேன். அதன் பிறகு மூலை வந்தாலே மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, பக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். அதற்கும் முன்னால், அந்த மூலையைச் சிமென்ட் தரையில் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு. அப்பளம் மாதிரி தட்டையாகிவிடும். தையல் வேலைக்குச் சுத்தியல் வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அக்ரிலிக் துணியின் வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரியும். அந்த ஓரத்தைப் பழைய சாலிடரிங் கம்பியால் ஓடவிட்டு உருக்கினேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், நாற்றம் தாங்காது. பாலியஸ்டர் வலைக்கு ஒரு மடிப்பே போதும், பிரியாது.

தையலில் தவறு என்று பார்த்தால் நிறைய. முதல் திரையில் பைப்பிங்கை மறுபக்கம் வைத்துத் தைத்துவிட்டேன், மடிப்பு வெளியே தெரிகிறது. பிரிக்கவில்லை. தண்டவாளம் பொருத்திய நாளைவிட இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

தண்டவாள நாள். ஜன்னலுக்கு மேலே மரம் எங்கே ஓடுகிறது என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லா இடமும் ஒரே சத்தம்தான். கடைசியில் உள்பக்கம் ஜன்னல் சட்டத்தின் நான்கு திருகாணியைக் கழற்றி, இடுக்கு வழியாகக் குச்சியை விட்டு அளந்தேன். ஜன்னலின் வெட்டுக்கு மேலே 4 செ.மீ. வரை மரம். தண்டவாளத்தை அந்த 4 செ.மீ.க்குள் வைக்க வேண்டும், அதே சமயம் ஜன்னல் மேல் கீலில் இடிக்கவும் கூடாது. கையில் துரப்பணத்தோடு கால் மணி நேரம் சும்மா நின்றேன். மனைவி வந்து "இது கேரவனா, குழந்தையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். போட்டேன். உளியிலிருந்து வருவது போல மரத்தூள் சிவப்பாகச் சுருண்டு வந்தது, மெரான்டிதான். அந்தச் சிவப்புத் தூளைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. 15 செ.மீ.க்கு ஒரு திருகாணி, பின்னால் பியூட்டைல் பட்டை. பிதுங்கியதை மறுநாள் பிளாஸ்டிக் துண்டால் வழித்தேன்.

திரையின் கீழ் ஓரத்தில் கம்பி போகிற மாதிரி ஒரு குழாய் மடிப்பு. அதில் கண்ணாடியிழைக் கூடாரக் கம்பி. இரண்டு முனையிலும் கண்ணி அடித்து, அங்கிருந்து தரைக்கு இழுத்துக் கட்ட வேண்டும். அப்படி இழுத்தால் திரை சாய்வாக நிற்கும், ஜன்னலுக்கும் அதற்கும் நடுவில் காற்றுப் போக இடம், ஜன்னலையும் பாதி திறக்கலாம்.

லாரிக்காரர், டிசம்பர் 14

கண்ணியைத் துணி மேல் நேராக அடித்தீர்களா? பிய்த்துக்கொண்டு வரும். மூலையில் முக்கோணமாக இன்னொரு துண்டு வைத்து, நாலு பக்கமும் தைத்து, அதன் மேல் அடியுங்கள். படுதாவுக்கு அப்படித்தான். இன்னொன்று, கயிற்றை நேராகத் தரைக்குக் கட்டாதீர்கள். நடுவில் பழைய டியூப் ரப்பரை வளையமாக வெட்டிப் போடுங்கள். காற்று தூக்கும்போது ரப்பர் விட்டுக் கொடுக்கும், கண்ணி தப்பிக்கும்.

ஊசிநூல், டிசம்பர் 15

அவர் சொல்வது சரி. நூல் முனையை வெட்டி விடாமல் லைட்டரில் லேசாகக் காட்டுங்கள், உருண்டையாகி நின்றுவிடும். பைப்பிங்கை மறுபக்கம் வைத்ததைப் பிரிக்காதீர்கள். அது அளவு பார்த்த முதல் உருப்படி என்று சொல்லிக்கொள்ளலாம், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

பனிக்காடு, டிசம்பர் 16

மூன்று விஷயம், பொங்கலுக்குப் போக முன்னம்.

உங்கள் குளிர்சாதனப் பெட்டி காஸில் ஓடுவது என்றால் வெளிச்சுவரில் அதற்குக் காற்றுத் துளை இருக்கும். திரை எந்தக் காரணத்துக்கும் அதை மூடக் கூடாது. அதற்குள் சுவாலை எரியும், சூடான புகை அதால்தான் வெளியேறும். குசினி ஜன்னல் திரை 15 செ.மீ. அகலம் கூட்டி வெட்டினேன் என்று சொன்னீர்கள், அந்தக் கூட்டிய துண்டு அங்கே படுகிறதா என்று பாருங்கள்.

வண்டி ஓடும்போது எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சுருட்டிக் கட்டினால் போதும் என்று நினைத்தேன், நான்கு மணி நேர ஓட்டத்தில் ஒரு கட்டு அவிழ்ந்து, கம்பி முனை வண்டியின் பக்கத்தில் வடிவாகக் கோலம் போட்டுவிட்டது.

ஈரத்தோடு சுருட்டி வைக்க வேண்டாம். அக்ரிலிக் துணி மக்காது, ஆனால் அதில் படிந்த அழுக்கில் பூஞ்சணம் வரும்.

புதுசு, டிசம்பர் 16

ஒருவர் புதுத் துணியை முதலில் நனைத்துக் காயவைக்கச் சொன்னார். அவசியமா?

ஊசிநூல், டிசம்பர் 17

அது பருத்தி கலந்த கேன்வாஸுக்கு. நனைந்தால் இழை உப்பி, ஊசி போட்ட ஓட்டை அடைபடும். இரண்டு மூன்று முறை நனைத்துக் காயவிட்டால் ஒழுகாது. அக்ரிலிக் இழை உப்பாது, நனைத்துப் பயனில்லை. வலைக்குக் கேள்வியே இல்லை.

கூடுவண்டி, ஜனவரி 19

மில்டூரா போய் வந்துவிட்டோம். அதே ஆற்றங்கரை, போன முறை நின்ற இடத்துக்கு நாலு மரம் தள்ளி.

குசினிப் பக்கம் பனிக்காடு சொன்னது உண்மை. கூட்டி வெட்டிய துண்டின் கீழ் மூலை குளிர்பெட்டியின் காற்றுத் துளை மேல் சரியாகப் போய் உட்கார்ந்தது. கத்தரியால் அந்த மூலையைக் குறுக்கே வெட்டி எறிந்தேன். பார்க்க அசிங்கம்.

மேற்குத் திரை போட்டு, ஜன்னலைப் பாதி திறந்து, ஆறரை மணிக்கு உள்ளே உட்கார்ந்தேன். அக்ரிலிக்கைத் தொட்டேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். வெளியே போய்க் கறுப்பு வலையைத் தொட்டேன், சுள்ளென்று இருந்தது. அதே வெயில்தான், இந்த முறை அந்தப் பக்கமே நின்றுவிட்டது. உள்ளே குளிர்ந்துவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கூரை சூடு கூரை சூடுதான், மின்விசிறி ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் மகள் மேசையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். போன வருடம் இந்த நேரத்தில் அவளை ஆற்றுத் தண்ணீரில் உட்கார வைத்திருந்தோம்.

இரண்டாம் நாள் ஒரு புழுதிக் காற்று. திரை படகுப் பாய் மாதிரி உப்பியது. டியூப் ரப்பர் இரண்டு மடங்கு நீண்டு, கண்ணி அசையவில்லை. லாரிக்கார அண்ணனுக்கு நன்றி. ஆனால் அண்ணே, காற்றில் ஆடிய ரப்பர் வெள்ளைத் தகட்டில் கறுப்புக் கறுப்பாகக் கோடு போட்டுவிட்டது. இரண்டு நாளாகத் தேய்க்கிறேன்.

இன்னொரு பிரச்சினை. கதவுப் பக்கக் குட்டிக் கூரையை நீட்டினால், கதவைத் திறக்கும்போது கம்பி முனையில் இடிக்கிறது. ஒவ்வொரு முறையும் குனிந்து, கம்பியைத் தூக்கி, கதவைத் திறந்து. மனைவி பொங்கல் பானையோடு அப்படிக் குனிந்ததை நான் படம் எடுத்திருக்கக் கூடாது.

லாரிக்காரர், ஜனவரி 19

ரப்பர் கோட்டுக்கு மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். ஜன்னலில் பட்டுவிடப் போகிறது, ஜாக்கிரதை. அடுத்த முறை ரப்பருக்கு ஒரு துணி உறை தைத்துவிடுங்கள். தைக்கத்தான் தெரியுமே இப்போது.

ஊசிநூல், ஜனவரி 20

கதவுப் பக்கக் கூரையில் கம்பி போகும் குழாய் மடிப்பை முனை வரை விடாமல், ஒரு சாணுக்கு முன்பே குறுக்கே தைத்து அடைத்துவிடுங்கள். கம்பியையும் அந்த அளவுக்கு வெட்டிவிடுங்கள். முனையில் துணி மட்டும் தொங்கும், கதவு இடித்தால் மடங்கிக்கொள்ளும். அந்தப் படத்தை இங்கே போட வேண்டாம்.

கூடுவண்டி, ஜனவரி 20

போடவில்லை. ஒரு சாண் என்பது உங்கள் கையா, என் கையா?

ஊசிநூல், ஜனவரி 20

உங்கள் வீட்டம்மா கை.